அலசிய ஊசியிலை

வெளியிலிருந்து வரும் எதையும் முனியம்மாள் கழுவாமல் விடமாட்டார். மயிலாப்பூர் வீடுகளில் பல வருடம் சமையலறை வேலை பார்த்ததில் வந்த பழக்கம். கறிவேப்பிலையைக்கூட நன்றாக அலசி, செய்தித்தாளில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே உலர்த்துவார். கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசைகளை அகற்றி, அவர்களை அரசு தொலைவிலுள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றியபின், விடியற்காலையில் வந்துசேர முடியாமல் அந்த வீடுகள் கைவிட்டுப் போயின. அதன்பின் அடையாறில் ஒரு கல்லூரி ஆய்வகத்தைத் துப்புரவு செய்யச் சேர்ந்தார். ஒப்பந்த வேலை, ஒரு புகார் போனால் மறுநாள் வேறு ஆள் வந்துவிடுவார்.

சென்ற ஆண்டு ஆய்வு மாணவி அனுப்ரியாவுக்கு வடக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. இரண்டு பைகளில் ஊசியிலைக் கிளைகள். ஒன்று நகரத்தை ஒட்டிய காட்டிலிருந்து. மற்றது தொலைவில், ஆளில்லாத காட்டிலிருந்து. நகரத்தை ஒட்டிய காட்டின் பையைப் பிரித்து மேசைமேல் வைத்துவிட்டு அனுப்ரியா சாப்பிடப் போனாள். திரும்பி வந்தபோது அந்தக் கிளைகள் செய்தித்தாளில் உலர்ந்துகொண்டிருந்தன.

“அக்கா, என்ன பண்ணீங்க?”

“ஒரே கரிம்மா. சீமைலேர்ந்து வந்துச்சுன்ற, நம்ம மவுண்ட் ரோட்டு மரம் மாதிரி கீது. அதான் அலசிட்டேன்.”

“அந்த அழுக்கைத்தான்க்கா நான் அளக்கணும்!”

“அழுக்குக்கா அம்மாந்தூரம் சொல்லி அனுப்சே? எங்கூட்டாண்ட வா, மூட்டை மூட்டையா தரேன்.”

அனுப்ரியா சிரிக்கவில்லை. ஆலைப் புகையும் வண்டிப் புகையும் அந்த இலைகளில் படிகின்றன, மழையோடு மண்ணில் இறங்குகின்றன, வேர் கெட்டு இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன என்று சொன்னாள். இப்போது அளந்தால் நகரத்தை ஒட்டிய காடுதான் சுத்தமானது என்று வரும்.

முனியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “என்னைத் தூக்கிடுவாங்களா?”

“பார்சல் வழியிலயே நனைஞ்சிடுச்சுன்னு சார்கிட்ட சொல்லிடறேன். உங்க பேரே வராது.”

முனியம்மாள் பிரிக்காத பையைப் பார்த்தார். “நனைஞ்சா ரெண்டும்தானே நனைஞ்சிருக்கும்? அப்போ இதையும் தூக்கிப் போட்ருவாரே.”

அனுப்ரியா அந்தப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நல்லா கீறதையும் ஏன் கெடுக்கணும்? வா, நானே சொல்றேன்.”

இதை உடனே நேர்மை என்று பெயரிட்டுவிட வேண்டியதில்லை. பேராசிரியர் அறைக்குப் படியேறும்போது அவர் பாதியில் இரண்டு முறை நின்றார். ஒரு பை போனது போதும், இரண்டு போகக் கூடாது என்பது மட்டுமே அவருக்குத் தெளிவாக இருந்தது.

பேராசிரியர் கத்தினார். பிறகு பிரிக்காத பையைப் பூட்டி வைக்கச் சொன்னார். கழுவியதற்கு மாற்று கேட்டு எழுதச் சொன்னார். ஒப்பந்தக்காரருக்குப் புகார் போகவில்லை. ஆனால் முனியம்மாளை ஆய்வகத்திலிருந்து மாடிப்படி கூட்டும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

மாற்றுப் பை வந்த அன்று அவர் வாளியுடன் ஆய்வக வாசலிலேயே நின்றார்.

“உள்ள வாங்கக்கா, பாருங்க.”

“வேணாம்மா, கை சும்மா இருக்காது. இந்தக் கதவு மேல தூசி கீதே, தொடைக்கலாமா, இல்ல அதையும் அளக்கப் போறியா?”