பூ ரவிக்கை, நீலக் கோட்டு

அம்மா அச்சுக்கூடத்துக்கு வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அந்த ஓட்டுக் கட்டடம். வெளியே கல் அறுக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்த தாள்களின் ஓரத்தைத் தொட்டு, மை காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பினால், டிபன் கேரியரோடு வாசலில் அம்மா.

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாள்களைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் குத்தி வைத்திருந்த பென்சில் படத்தைப் பார்த்தாள். அகன்ற கன்னம், இரட்டைப் பின்னல், தோள் நிறையப் பெரிய பெரிய பூ வேலைப்பாடு செய்த ரவிக்கை. படத்தில் இருந்தது அவள்தான்.

"இன்னாடி இது?" என்றாள்.

என் அம்மா மெக்சிகோக்காரி. வடக்கே, அமெரிக்க எல்லைப் பக்கத்துப் பாலைவன ஊர் ஒன்றில் பிறந்தவள். அங்கே ஒரு தொழிற்சாலையில் மெஷின் நிறுவப் போன இடத்தில் அப்பா அவளைப் பார்த்தார். கல்யாணம் செய்து, சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் தன் ஊருக்குக் கூட்டி வந்தார். அப்பா வீட்டாரோடு இருந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டே அம்மா தமிழ் கற்றாள். அதனால் அவள் வாயில் வருவது அந்த ஊர்த் தமிழ்தான். நிறமும் எங்கள் நிறம். புதிதாகப் பார்க்கிறவர்கள் அவளை இங்கத்து மனுஷி என்றே நினைப்பார்கள். மெக்சிகோ என்று சொன்னால், "அமெரிக்காவா?" என்று கேட்பார்கள். அவளும் திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டாள்.

இப்போது நாங்கள் படூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான் ஓஎம்ஆரில் ஒரு ஆபீசில் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறேன். வார இறுதியில் அச்சுக்கூடத்துக்குப் போவேன். அதை நடத்துபவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே கூப்பிடுவோம். அடுத்த சனிக்கிழமை ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்திருந்தார். ஆளுக்கொரு அச்சுப்படம், 'நான் யார்' என்பது தலைப்பு.

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் முகத்தை வரைந்துகொண்டு போனேன். அக்கா பார்த்துவிட்டு, "முகம் அருமையா வந்திருக்கு. ஆனா இதுல மெக்சிகோ எங்க? பார்க்கறவங்களுக்குத் தெரியணும் இல்ல?" என்றார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினேன். மெக்சிகோ என்று தட்டினால் வருகிற பெண்கள் எல்லோரும் பூ ரவிக்கை போட்டிருந்தார்கள். ஒன்றைப் பார்த்து வரைந்து சேர்த்தேன். பின்னலும் போட்டேன். அம்மாவிடம் காட்டவில்லை. சனிக்கிழமை சுவரில் பார்த்து அசந்துபோகட்டும் என்று இருந்தேன்.

"கண்ணு எங்க?" என்றாள் அம்மா. தாள்களில் இருந்த முகத்துக்குக் கண், மூக்கு, வாய் எதுவும் இல்லை.

"இன்னும் வரல. கடைசி நிறத்துல வரும்."

நான் செய்துகொண்டிருந்த முறையை அவளுக்கு விளக்கினேன். உளிக்கு மெத்தென்று வழிவிடும் லினோலியம் பலகை ஒன்றுதான். முதலில் எல்லாத் தாள்களிலும் மஞ்சள் அச்சிட வேண்டும். பிறகு, மஞ்சளாகவே நிற்கவேண்டிய இடங்களைப் பலகையிலிருந்து உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, அதே தாள்கள் மேல் அடுத்த நிறம். மறுபடி செதுக்கி, மறுபடி அச்சு. கடைசி நிறத்தில் முகம் தெரியும். ஒவ்வொரு முறையும் பலகை குறைந்துகொண்டே போகும். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது. மஞ்சளும் செம்மண் நிறமும் ஏற்கெனவே ஏறிவிட்டன. பூக்கள் தாளில் மஞ்சளாகப் பதிந்து நின்றன.

அம்மா கேரியரை மேஜைமேல் வைத்தாள். "இந்த ரவிக்க யாருது?"

"உங்க ஊருதுதானே."

"எங்க ஊர்ல எவளும் இத்த போட்டதில்ல. இது தெக்க, ரொம்ப தூரம். அவங்க பாஷையே வேற. எங்க வூட்டாண்ட பூவே கெடையாது. தூசி. கம்பெனி. அவ்ளோதான்."

"மெக்சிகோன்னு தெரியறதுக்காகப் போட்டேம்மா."

"யாருக்கு தெரியறதுக்கு?"

மூலையில் மை கலக்கிக்கொண்டிருந்த அக்கா அதைக் கேட்டதும் எழுந்தார். உள் அறைக்குப் போய்விட்டார். அம்மா குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வழக்கமாக என்னை 'மிஹா' என்பாள், அவர்கள் பாஷையில் என் மகளே என்று அர்த்தம். அன்றைக்கு ஒரு தடவைகூட அந்தச் சொல் வரவில்லை.

"நீ நாலாவது படிக்கும்போது ஸ்கூல்ல வரச் சொன்னாங்க. உங்க நாட்டு டிரஸ் போட்டுகினு வாங்கன்னாங்க. எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். அவங்களே வாடகைக்கு எட்தாந்து ஒரு டான்ஸ்காரி கவுனை மாட்டி வுட்டு மேடையில நிக்க வெச்சாங்க. எல்லாம் கை தட்னாங்க. நீயும் தட்ன. சின்னப் புள்ள, உனுக்கு தெரியாது. இப்போ நீ பெரிய புள்ளதானே?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "இது என் படம்மா. நான் யாருன்னு நான் சொல்றேன்."

"அப்போ உன் மூஞ்சிய போடு. இன்னாத்துக்கு என் மூஞ்சி?"

சொல்லிவிட்டு வெளியே போனாள். நான் பின்னால் ஓடவில்லை. படூருக்கு பஸ் ஏறுவாள், ராத்திரி சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். "அம்மா உன்னாண்டதானே கீறா?"

அவள் வீட்டுக்குப் போகவில்லை. போனை அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. மாமல்லபுரத்திலிருந்து படூருக்கு அவ்வளவு நேரம் ஆகாது. தாள்களை அப்படியே விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டீக்கடையில், பழ வண்டியில், நேரக்காப்பாளர் அறையில் எல்லாம் கேட்டேன். கட்டம் போட்ட புடவை, ஒல்லி, நரைத்த முடி என்று அடையாளம் சொன்னால், அங்கே பஸ்ஸுக்கு நின்ற பாதிப் பெண்கள் அப்படித்தான் இருந்தார்கள். அப்பா பைக்கில் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே, "இன்னா சொன்ன அவளை?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. கடற்கரைப் பக்கம் திரும்பி நின்று வாயைத் துடைத்துக்கொண்டார்.

பூ விற்கிற அம்மாள் ஒருத்திதான் சொன்னாள்: "கேரியர் எட்டுகினு வந்துச்சே, வெறுங்கையா திரும்பிச்சே, அந்தம்மாவா? கல்பாக்கம் பஸ்ல ஏறிச்சு."

எங்களுக்கு அந்தப் பக்கம் யாருமே கிடையாது. பைக்கில் தெற்கே போனோம். வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அப்பா வேகத்தைக் குறைப்பார், நான் நிழற்குடைக்குள் எட்டிப் பார்ப்பேன். உப்புக் காற்று கண்ணில் அறைந்தது. என் மனதில் கடல்தான் வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் அதையேதான் நினைத்தார் என்று பிறகு தெரிந்தது.

கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டோம். அவர் தலையைக்கூடத் தூக்காமல், "ஒரு அம்மா கோட்டையாண்ட குந்திகினு கீது. ரொம்ப நேரமா கீது. நானே கேக்கலாம்னு இருந்தேன்," என்றார்.

இடிந்த கோட்டைச் சுவரின் நிழலில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் அம்மா. செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் ஜோடியாக வைத்திருந்தாள். அப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். நான் போய் உட்கார்ந்தேன்.

"ஏம்மா போனை அணைச்ச?"

"சார்ஜ் இல்ல."

"இங்க எதுக்கு வந்த?"

அவள் செருப்பிலிருந்த மணலைத் தட்டினாள். "உங்க அத்தைக்கு புருஷனோட சண்ட வந்தா இன்னா பண்ணும்? பொட்டிய எட்டுகினு நம்ம வூட்டுக்கு வரும். ரெண்டு நாள் குந்தும். அப்பால அவரு வந்து கூப்பிடுவாரு. எதிர் வூட்டுப் பொண்ணும் அப்படித்தான், தாம்பரம் போய்டும். எனுக்கு கோவம் வந்தா நான் எங்க போறது? கோச்சுகினு போறதுக்கு எனுக்கு ஒரு வூடு இல்ல. இத்தினி வருஷமா இல்ல. பஸ்ஸு நின்னுச்சு. ஏறிட்டேன்."

அவளுடைய ஊரைப் பற்றி நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். சாப்பாடு, பண்டிகை, பாட்டு என்றுதான் கேட்டிருக்கிறேன். அவளும் அதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறாள். அன்று முதல்முறையாக, அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன்.

காருக்குள் ஓடுகிற, ஹார்னஸ் என்கிற வயர்க் கட்டு செய்கிற கம்பெனியில் வேலை என்றாள். சுவர் மாதிரி நிற்கிற பலகை, அதில் ஆணிகள், ஆணிகளுக்கு நடுவே கலர் கலரான வயர்களை வளைத்து வளைத்து ஓட்டி, டேப் சுற்றி முடிக்க வேண்டும். சொல்லும்போதே அவள் கை காற்றில் வயரை இழுத்து, வளைத்து, அழுத்தியது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கை யோசிக்காமல் போயிற்று. "நீலக் கோட்டு குடுத்தாங்க. மொத சம்பளம் அந்தக் கோட்டுல வாங்கினேன். உங்கப்பன் என்னைப் பார்த்ததும் அந்தக் கோட்டுலதான். நீ படம் போடணும்னா அத்த போடு."

"பூ ஏற்கெனவே ஏறிடுச்சேம்மா. அழிக்க முடியாது."

"அது உன் பிரச்சன," என்றாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அப்பா பைக்கை உதைத்தார். அம்மாவை அவரோடு அனுப்பிவிட்டு நான் பஸ்ஸில் போனேன்.

சனிக்கிழமைக்கு ஐந்து நாள்தான் இருந்தது. மறுநாள் காலை அம்மா காய்கறி வந்த அட்டையின் பின்பக்கத்தில் அந்தக் கம்பெனிக் கோட்டுப் படத்தை வரைந்து சமையல் மேடையில் வைத்திருந்தாள். காலர், பட்டன், கையின் மடிப்பு, எல்லாம் இருந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போனேன்.

புதிய தாளில் முதலிலிருந்து தொடங்க நேரம் இல்லை. ஒரு நிறம் காயவே இரண்டு நாள் ஆகும். அக்காவும் நானும் யோசித்து ஒரு வழி கண்டோம். கோட்டுக்கு மட்டும் தனியாக ஒரு பலகை. அதில் நீலம் தடவிப் பூ ரவிக்கையின் மேலேயே அச்சிட வேண்டும். பின்னலும் அதற்கடியில் போய்விடும். பழைய பலகையில் முகத்தின் பகுதி இன்னும் செதுக்கப்படாமல் இருந்தது. அதில் யாருடைய கண்ணை வேண்டுமானாலும் செதுக்கலாம்.

கழிப்பறைக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் சாய்த்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தேன். என் மூக்குக்கண்ணாடி, அப்பாவின் மூக்கு, எனக்கும் அம்மாவுக்கும் பொதுவான கன்னம். உளி முனையைப் பலகையில் வைத்துவிட்டு வெகுநேரம் தள்ளாமல் இருந்தேன். வலது புருவத்தில் ஒரு இழை அதிகமாகப் போய்விட்டது. போனது போனதுதான். முகத்தில் அது ஒரு தழும்பு போல நின்றுவிட்டது.

வியாழக்கிழமை நீலக் கோட்டுப் பலகையை அச்சிட்டேன். பலகையைத் தாளின் மேல் ஒரு மயிரிழை தள்ளி வைத்தாலும் கோட்டு தோளை விட்டு நழுவிவிடும். முதல் தாள் கெட்டது. இரண்டாவதும் கெட்டது. மூன்றாவதில் மை திட்டுத் திட்டாகப் படிந்தது. அக்கா பக்கத்தில் நின்றுகொண்டு, "அவசரப்படாதே" என்று ஒரு தரம் சொன்னார். கடைசியில் மிஞ்சியது நான்கு தாள்கள். எவ்வளவு அழுத்தியும் நீலத்துக்கு அடியில் மஞ்சள் பூக்கள் மங்கலாகத் தெரிந்தன. இன்னொரு பூச்சு கொடுக்கலாம் என்றார் அக்கா. அது காய நேரமில்லை. மறுநாள், நீலம் படாத இடத்தில், மெல்லிய மையில் முகம் ஏறியது; அது மட்டும் ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும்.

சனிக்கிழமை அம்மா வருவாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் துணியவில்லை. ஊரிலிருந்து அத்தையும், அத்தை மருமகளும் வேனில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் அப்பா, அப்புறம் அம்மா. படத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"யாருடி இது, நீயா, உங்கம்மாவா?" என்றாள் அத்தை.

"நான்தான் அத்தே."

அம்மா பூக்கள் தெரிகிற இடத்தைக் கூர்ந்து பார்த்தாள். அத்தை மருமகள் அதற்குள் படத்துக்குக் கிட்டே போயிருந்தாள். தினமும் விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்துத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற பெண் அவள். அதிகம் பேச மாட்டாள்.

"இந்தக் கோட்டுல பாக்கெட் இல்லையே," என்றாள். "எங்களுதும் அப்படித்தான். சாமானை யாரும் உள்ள போட்டுகினு போயிடுவாங்கன்னு தெச்சி மூடிட்டாங்க. இது ஹார்னஸ் கம்பெனி கோட்டா?"

அம்மா சட்டென்று திரும்பினாள். "உனுக்கு எப்படி தெரியும்?"

"நானும் அதானே பண்றேன். போர்டுல வயர் ஓட்றது."

"டேப் சுத்துவியா?"

"சுத்துவேனே. கட்டவெரலு செத்துப்போவுது."

"இப்படி சுத்தாத," என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, கட்டைவிரலை மடக்கி, வேறு மாதிரி வைத்துக் காட்டினாள். "நாங்க இப்படி சுத்துவோம். வலிக்காது." அந்தப் பெண் செய்து பார்த்தாள். இன்னொரு தரம் காட்டச் சொன்னாள். ஒரு போர்டுக்கு எவ்வளவு நேரம் தருகிறார்கள், சூப்பர்வைசர் எப்படி, கழிப்பறைக்கு விடுவார்களா என்று அம்மா கேட்டுக் கேட்டு, தங்கள் கம்பெனியில் எப்படி என்றும் சொல்லிக்கொண்டே போனாள். அவள் தன் ஊரைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. இடையிடையே அம்மா ஊர்ப் பாஷைச் சொற்களும் வந்து விழுந்தன. அந்தப் பெண் அவற்றுக்கும் தலையாட்டினாள்.

அத்தை என்னைப் பார்த்து, "இவங்க ரெண்டு பேரும் இன்னா பேசறாங்க?" என்றாள்.

"வேலையைப் பத்தி அத்தே," என்றேன்.