மாமாவின் சட்டையில் நடந்து போனது

என் சின்ன மாமாவைப் போல ஒரு கூச்சக்காரரைத் திருச்செங்கோட்டுப் பக்கம் யாரும் பார்த்திருக்க முடியாது என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். கட்டிக்கொள்ளப் போகிற பெண் போன் செய்தால்கூடப் போனை என் கையில் திணித்துவிடுவார். "நீயே பேசு சாமி, எனக்கு வெக்கமா இருக்குது" என்பார். எனக்கு அப்போது ஒன்பது வயது. சாப்பிட்டாச்சா, என்ன குழம்பு, என்ன சட்டை போட்டிருக்கிறார் என்று அந்தப் பக்கத்திலிருந்து வருகிற கேள்விகளை மாமாவின் முகத்துக்கு நேராக ஒருதரம் சொல்லி, அவர் தருகிற பதிலைப் போனில் சொல்வேன். இரண்டு பேரும் காதலிக்க, தொண்டைத் தண்ணி வற்றியது எனக்கு.

மாமா ரிக் வண்டியில் ட்ரில்லர். வருடத்தில் எட்டு மாதம் வடக்கே எங்கேயாவது போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். அங்கே மழை பிடித்து நிலமெல்லாம் சேறானால் வண்டிகள் ஊர் திரும்பும், மாமாவும் வருவார். வந்துவிட்டால் கடைக்கோ கோயிலுக்கோ விசேஷ வீட்டுக்கோ என்னைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் போக மாட்டார். யாராவது ஏதாவது பேசினால் என் பக்கம் குனிந்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்பார். பெரியவர்கள் பேச்சு எனக்குப் புரிகிறதா என்று சோதிக்கிறார் என நினைத்து, ஒரு வார்த்தை விடாமல் ஒப்பிப்பேன். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அந்த வருடம் அவருக்கு நிச்சயம் முடிந்து, ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். ஊரிலேயே இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று ஐந்தாறு இடம் தட்டிப்போய், மாமா முப்பத்து மூன்றைத் தாண்டிய பிறகு அமைந்த இடம். இதுவும் கை நழுவிவிடக் கூடாதே என்பதுதான் அம்மாவுக்கு எந்நேரமும் கவலை. பெண்ணின் அண்ணன் நாமக்கல்லில் பள்ளிக்கூட வாத்தியார். விடுமுறை நாளில் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு மலை மலையாக ஏறுகிறவர். கொல்லிமலையில் நடந்துபோக வனத்துறையில் அனுமதி வாங்கியிருப்பதாகவும், மாப்பிள்ளையும் வந்தால் மனம்விட்டு நாலு வார்த்தை பேசலாம் என்றும் அவர் ஆடி மாதத்தில் கூப்பிட்டார். மாமா உடனே என்னைக் காட்டி, "பாப்பாளையும் கூட்டிக்கிட்டுப் போறேன்க்கா" என்றார். மழைக்காலத்தில் எதற்கு என்று அம்மா இரண்டு நாள் முறைத்துவிட்டு, கடைசியில் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள்.

வாத்தியாரின் காரில் ஏறி, கொண்டையூசி வளைவுகளில் இரண்டு தடவை வாந்தியெடுத்து, மேலே போய்ச் சேர்ந்தேன். காப்புக்காட்டின் எல்லையில் வனத்துறை வாட்சர் ஒருவர் எங்களுக்காகக் காத்திருந்தார். மலையிலேயே பிறந்தவர். காலில் ரப்பர் செருப்பு, கையில் கொடுவாள். உள்ளே நுழையும் முன் என்னை நிறுத்தி ஒரு விஷயம் சொன்னார்.

"காட்டுக்குள்ள பேரச் சொல்லி யாரையும் கூப்பிடாத பாப்பா. உன்னைக் கூப்பிட்டாலும் ஒரு தடவைக்கெல்லாம் ஏன்னு கேக்காத. மூணு தடவை கூப்பிட்டாத்தான் மனுசன். அதே மாதிரி நீ கூப்பிட்டா மனுசன் திரும்பிப் பாப்பான். மத்தது திரும்பாது."

வாத்தியார் சிரித்தார். மாமா குனிந்து, "என்ன சொன்னாரு?" என்றார். சொன்னேன். அவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் ஒரு மணி நேரம் வெறும் புல்வெளி. மரமே கிடையாது. என் கழுத்துவரை வளர்ந்த புல். கசக்கி மோந்தால் எலுமிச்சை வாசம் அடித்தது. மேட்டின் விளிம்பில் நின்று பார்த்தபோது கீழே நாமக்கல் சமவெளி முழுக்கத் தெரிந்தது. கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகள் தீக்குச்சிகளாகக் கிடந்தன. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று வாத்தியார் கைகாட்டிக்கொண்டிருந்தபோதே பள்ளத்திலிருந்து மூட்டம் ஏறி வந்து, கூரை, ரோடு, ஏரி என்று ஒவ்வொன்றாக மறைத்துவிட்டு எங்கள் கால்வரைக்கும் வந்து நின்றது. அதற்குப் பிறகு காற்றின் சத்தம் மட்டும்தான்.

அப்படியே நடந்து சோலைக்காட்டுக்குள் நுழைந்தோம். நுழைந்த அடியிலேயே காற்று நின்றுபோனது. மரங்கள் அவ்வளவு உயரமில்லை. முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசி தொங்க நின்றன. மழை பெய்யவில்லை, ஆனாலும் எங்கேயோ சொட்டிக்கொண்டே இருந்தது. ஈரச் சருகில் எங்கள் காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒரு காக்கை கிடையாது. இவ்வளவு அமைதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பதாகப் பட்டது.

முன்னால் வாட்சரும் வாத்தியாரும், பின்னால் மாமா, கடைசியாக நான். வழியில் ஒரு முள்ளம்பன்றி முள் கிடந்தது, கறுப்பும் வெள்ளையுமாக. குனிந்து எடுத்து, பாவாடையில் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது மூட்டம் மரங்களுக்கு இடையிலும் வந்திருந்தது. பதினைந்தடி தூரத்தில் மாமாவின் நீலக் கட்டம் போட்ட சட்டை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

"மாமா" என்றேன். சட்டை திரும்பவில்லை.

வாட்சர் சொன்னது ஞாபகம் வந்து, மூன்று என்று கணக்கு வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டேன். போய்க்கொண்டே இருந்தது. இன்னும் சத்தமாக நாலாவது, ஐந்தாவது. வீட்டில் நான் முகம் சுளித்தால்கூட ஓடி வருகிற மாமா. இது அவருடைய சட்டை, அவருடைய சாய்ந்த நடை, அவருடைய பின்னங்கழுத்து. ஆனால் இது என் மாமா இல்லை. அப்படி நினைத்ததும் என் கால் இரண்டும் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டன.

சட்டை மூட்டத்துக்குள் போய்விட்டது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பிறகு குரல் வந்தது. "சாமி... சாமி..." மாமாவின் குரல்தான். முதல் இரண்டுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்றாவது தடவை கேட்டதும் உயிர் திரும்பி, "இங்கிருக்கறேன் மாமா" என்று கத்தினேன். மரங்களுக்கு நடுவிலிருந்து அந்த நீலச் சட்டை வெளிப்பட்டது. எனக்கு நாலடி தள்ளி, ஒரு பெரிய மரத்துக்கு அந்தப் புறமாக, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு வந்தது. "மாமா, இங்கே" என்றேன். அது "சாமி, சாமி" என்று என்னைத் தேடிக்கொண்டே என்னைக் கடந்து போனது.

மரத்தின் வேர்ப் பொந்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். அன்றைக்குப் பயந்ததைப் போல இன்றுவரை நான் எதற்கும் பயந்ததில்லை.

என் விசும்பலைக் கேட்டு வாட்சர்தான் கண்டுபிடித்தார். அவரையும் ஒருதரம் "அண்ணா" என்று கூப்பிட்டு, திரும்பிப் பார்க்கிறாரா என்று உறுதி செய்துகொண்ட பிறகே வெளியில் வந்தேன். அப்புறம் மாமா ஓடி வந்து என்னைத் தூக்கினார். அவர் நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது. எப்போதும்போல் பவுடர் வாசமும் அடியில் டீசல் வாசமும். இது என் மாமாதான், சந்தேகமில்லை. அப்படியென்றால் அங்கே நடந்து போனது வேறு.

திரும்பும் வழியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினோம். என் செருப்புச் சேற்றைக் கழுவ மாமா குழாயடிக்குப் போனபோது வாத்தியார், "என்ன ஆச்சு அம்மிணி?" என்று பரிவாகக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை தடவை கூப்பிட்டேன், எவ்வளவு சத்தமாக, எத்தனை அடி தூரத்தில் என்று அவர் நிதானமாகக் கேட்கக் கேட்க, எனக்குப் பெருமையாகிவிட்டது. ஒரு பெரிய மனுஷர் என்னை நம்புகிறார்.

மாமா வந்து டீயைக் கையில் எடுத்தார். வாத்தியார் பள்ளத்தாக்கின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிளாஸை வாயருகில் வைத்தபடி கேட்டார்.

"எத்தனை வருசமா இப்பிடி இருக்குதுங்க மாப்ளே?"

மாமா என்னைப் பார்த்தார். என் வாய் நிறைய பன். அவர் சிரித்துவிட்டு, "ஆமாங்க மச்சான், நல்ல குளிருங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பன்னை விழுங்கிவிட்டு வழக்கம்போல எடுத்துச் சொல்லப் போனேன். வாத்தியார் என் தோளில் கை வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

அடுத்த வாரம், ஜாதகத்தில் ஏதோ பிசகு என்று பெண் வீட்டிலிருந்து சொல்லியனுப்பினார்கள். கல்யாணம் நின்றுபோனது. பன்னிரண்டு வருடம் ரிக் வண்டியின் கம்ப்ரசர் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்று மாமாவின் இரண்டு காதும் போய்விட்டிருந்தன என்பதும், வேலையும் பெண்ணும் போய்விடுமே என்று பயந்து அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை என்பதும் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மறைத்தது தப்புத்தான், பெண் வீட்டாரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரைக் காட்டிக்கொடுத்தது நான். மாமா அதற்குப் பிறகு தனக்குப் பெண் பார்க்க யாரையும் விடவில்லை. நான் சொன்னதால்தான் நின்றது என்று அம்மாவிடம் ஒரு தடவைகூட அவர் வாய் திறந்ததில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்றைக்கு மலையிறங்கும்போது, வாத்தியாரிடம் சொன்னதையெல்லாம் மாமாவிடமும் சொல்லிவிட்டு, பின்சீட்டில் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். அவர் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, என் வாயையே பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"நெசமாலுமே கூப்பிட்டியா சாமி?"

ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். அவருடைய கண் கலங்கிவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்தக் காட்டில் இருந்ததை நினைத்துப் பயந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். பாவமாக இருந்தது.

"பயப்படாதீங்க மாமா. அது மேலயே நின்னுக்கிச்சு. நம்மகூட வல்லை" என்றேன்.

அவர் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். பிறகு மூன்றாவது தடவை, கொஞ்சம் சத்தமாகவே. அவருடைய பின்னங்கழுத்தையும் நீலச் சட்டையின் காலரையும் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். அப்புறம் அவர் கையிலிருந்து என் கையை மெதுவாக உருவிக்கொண்டு, மறுபக்கத்துக் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தேன்.