உண்ணி கடித்த இடத்தில் வாப்பா போட்ட மெழுகு

பக்ரீத்துக்கான ஆட்டைச் சில வாரங்களுக்கு முன்பே வாங்கிவிடுவது வாப்பாவின் வழக்கம். கடைசி நேரத்தில் தேவ்நார் ஆட்டுச் சந்தையில் விலை தலைக்கு மேல் போய்விடும் என்பார். மும்பை தாராவியில் எங்கள் வீடு ஓர் அறையும் அதன் மேல் ஒரு பலகைத் தளமும். ஆட்டுக்கு வாசலில் இடம். மழை பெய்தால் ஆடு உள்ளே வரும், நான் மேலே ஏறிக்கொள்வேன். மென்பொருளைச் சோதித்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அலுவலகத்தில் சொன்னபோது அவர்கள் ஆட்டைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். கூட்டத்தில் நான் பேச ஆரம்பிக்கும்போதெல்லாம் அது கத்தியது.

அந்த ஆட்டிடமிருந்துதான் உண்ணி எனக்கு வந்தது. முழங்கைக்குச் சற்றுக் கீழே புதிதாக ஒரு மச்சத்தைப் பார்த்தேன்.

"உம்மா, இந்த மச்சத்துக்குக் கால் இருக்கு."

உம்மா தேங்காய் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். வாப்பா குறடோடு வந்தார். அவருக்குத் தோல்பை செய்யும் பட்டறை இருக்கிறது. குறடு எப்போதும் சட்டைப் பையில் இருக்கும்.

"அசையாத," என்று சொல்லி, திருகி ஒரே இழுப்பாக இழுத்தார்.

குறட்டு நுனியில் இருந்ததை உற்றுப் பார்த்தேன். "முன்பக்கம் காணோம் வாப்பா. மிச்சம் எங்க?"

"செத்துட்டுல்லா? செத்ததுக்கு மிச்சம் எதுக்கு?"

பெருநாள் முடிந்தது. பிரியாணி முடிந்தது. ஆட்டுத் தோலை மதரஸாவுக்குக் கொடுத்தாயிற்று. என் கையில் இருந்த புண் மட்டும் போகவில்லை. கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு சிவந்த கட்டி. மேலே பொருக்குத் தட்டும், உதிரும், கசியும், மறுபடி பொருக்குத் தட்டும்.

எங்கள் பட்டறைக்குத் தோல் வந்து இறங்கினால் வாப்பா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் விரித்து, உண்ணி கடித்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிடுவார். என் கையையும் அப்படித்தான் ஜன்னல் பக்கம் திருப்பினார். வட்டம் போடவில்லை, அவ்வளவுதான்.

"உண்ணிப் புள்ளி. நாம பாக்காததா? மெழுகு போட்டுத் தேச்சா மட்டமாயிரும். டென்ஷன் எடுக்காத."

பைகளுக்குப் பூசும் மெழுகைத் துணியில் தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்த்தார். கை பளபளத்தது. புதுப் பை வாசனை அடித்தது. மறுநாள் உம்மா மெழுகைத் துடைத்துவிட்டு மஞ்சள் அப்பினார். எதிர்வீட்டு மாமி பற்பசைதான் ஷ்யூர் என்றார். மருந்துக் கடைக்காரர் எல்லாத்துக்கும் ஆகும் என்று ஒரு களிம்பைத் தந்தார். அதைப் பூசியதும் சிவப்பு குறைந்தது. நிறுத்தியதும் முன்னைவிட மோசமாக வந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், அப்போதுதான் எதனால் என்ன ஆனது என்று தெரியும் என்பது என் தொழிலின் முதல் பாடம். எங்கள் வீட்டில் அந்தப் பாடம் செல்லாது.

வெளியே சிரித்துக்கொண்டிருந்தேன், உள்ளே பயமாக இருந்தது. ஆறாத புண் என்று கைபேசியில் தேடினால் என்னென்ன வரும் என்று தேடியவர்களுக்குத் தெரியும். சர்க்கரையாக இருக்கும் என்று உம்மா ரத்தம் கொடுக்க வைத்தார், சர்க்கரை இல்லை. அது நல்ல செய்திதான், ஆனால் மிச்சமிருந்த காரணங்களெல்லாம் அதைவிடப் பெரியவை. கட்டி கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது.

"தோல் டாக்டர்ட்ட காட்டப் போறேன்."

"ஒரு புள்ளிக்கா? மாட்டுங்கா வரைக்குமா?" என்றார் வாப்பா. ஆனாலும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினார், வாதாடுவதற்கு.

டாக்டர் அம்மா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். பூதக்கண்ணாடி போன்ற ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். பிறகு முகர்ந்து பார்த்தார்.

"என்னம்மா இது, பாலிஷ் வாசனை?"

"தேன்மெழுகு," என்றார் வாப்பா. "அசல் சரக்கு. உண்ணிப் புள்ளிக்கு அதான் பக்கா. முப்பது வருஷமா தோல் லைன்ல இருக்கேன் மேடம்."

"நீங்க தேய்க்கறது செத்த தோல் சார். அது வலிக்கறதுன்னு சொல்லாது. உங்க பொண்ணு உசிரோட இருக்கா." என் பக்கம் திரும்பினார். "யார் பிடுங்கினா?"

நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

உண்ணியின் வாய்ப்பகுதி உள்ளேயே தங்கிவிட்டிருக்கலாம், அதைச் சுற்றி உடம்பு கட்டி எழுப்பியிருக்கிறது என்றார். மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பினார். "மெல்லிசு ட்வீசரால சருமத்தை ஒட்டிப் பிடிச்சு, திருகாம நேரா மேல இழுக்கணும். எண்ணெய், மெழுகு ஒண்ணும் வேண்டாம், சோப்பு போட்டு அலம்பினாப் போதும். காய்ச்சல், தலைவலி, சிவப்பு வட்டமா பரவறது, சீழ், இதுல எது வந்தாலும் அன்னிக்கே டாக்டர்ட்ட ஓடணும். ஒண்ணும் வராட்டாலும் ரெண்டு மூணு வாரத்துல ஆறலைன்னா காட்டணும். உனக்கு எவ்ளோ நாளாச்சு?"

சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

முடிவு வரும்வரை வீட்டில் யாரும் உரக்கப் பேசவில்லை. கெட்டது ஒன்றும் இல்லை, உண்ணிக்கடியால் வந்த சாதாரணக் கட்டிதான் என்று கைபேசியில் செய்தி வந்ததும் உம்மா ஜன்னல் வழியாகவே சந்துக்கு அறிவித்தார். அதன் பிறகு எங்கள் வீட்டுக்கு ஆள் வரத்து கூடியது. எதிர்வீட்டு மாமி முட்டியைக் காட்டினார், அவருடைய மருமகள் படர்தாமரையைக் காட்டினாள். எத்தனை வாரம், வளர்கிறதா, காய்ச்சல் உண்டா, என்ன பூசினீர்கள் என்று வரிசையாகக் கேட்டு, கடைசிக் கேள்விக்கு வந்த பதில்களைக் கேட்டதும் எல்லோரையும் டாக்டரிடம் அனுப்பினேன்.

எல்லோரும் போனபின் வாப்பா கதவைச் சாத்தினார். உம்மா இல்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, கைலியைக் கெண்டைக்கால்வரை தூக்கினார். சிவந்த கட்டி, மேலே பொருக்கு. பளபளவென்று இருந்தது.

"ஏ பிள்ள, இதும் அந்த ஆடுதான். காட்டணுமோ?"

"சட்டையப் போடுங்க வாப்பா."

"அந்த அம்மா ஏசுமே."

"ஏசத்தான் செய்யும். வாங்க."