படையல் வைத்த பிரேக் ஆயில்

பிரேக் ஆயில் வியாபாரத்தில் உள்ள கஷ்டம், வண்டி நல்லபடியாக நின்றால் யாரும் நம்மை நினைப்பதில்லை என்பதுதான். கடை வைத்திருக்கும் சக பாவிகளுக்கு இது புரியும். திருநெல்வேலியில் உதிரிபாகக் கடை நடத்தி ஒழுங்காகப் பிழைத்துக்கொண்டிருந்தவன் நான். கோவையில் ஒரு கார் பந்தயத்தைப் பார்த்துக் கிறுக்குப் பிடித்து, பந்தய வண்டிகளுக்கான பிரேக் ஆயில் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். சாதாரண ஆயில் கொதிக்கிற சூட்டிலும் இது கொதிக்காது. என் கடைப் பெயரை ஒட்டிக்கொண்டு, என் ஆயிலில் ஒரு பந்தய வண்டி ஓட வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை.

முதல் விசாரணை

வாசலில் போர்டு வைத்த அன்றே ஒரு ஆட்டோக்காரர் வந்தார். டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத ஊத்துனா வண்டி வேகமாப் போவுமா?" என்றார். போகாது, நன்றாக நிற்கும் என்று கொதிநிலையில் ஆரம்பித்து ஒரு பிரசங்கமே செய்தேன். பொறுமையாகக் கேட்டார். டின்னைப் பைய மேசையில் வைத்தார்.

"நிக்கதுக்கா இம்புட்டு வெல? அதுக்கு நான் கால ஊனிக்கிடுவேன் வே."

செய்முறை விளக்கம்

காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர், புது பைக்கில் வந்து இறங்கினார். ஆள் கிடைத்த சந்தோஷத்தில் ஒரு டின்னைத் திறந்து பெட்ரோல் டேங்க் மேலேயே வைத்து விளக்கினேன். கொஞ்சம் சிந்தியது. பிரேக் ஆயில் பட்டால் பெயிண்ட் கழன்று வரும், உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். தெரியும். ஆனால் பதற்றத்தில் துணியை எடுத்துத் துடைத்து, காசளவு இருந்ததைத் தோசையளவு ஆக்கிவிட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

"ஊரச் சுத்திக் காட்டுறதுக்குள்ளயே வண்டி பழசாயிட்டே, அண்ணாச்சி."

ஆயுத பூஜை

எங்கள் வீட்டில் சாமிக்கு எதையும் மூடி வைத்துப் படைக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில், பூஜையன்று மிச்சமிருந்த டின்களையெல்லாம் சீல் உடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாகப் படைத்தேன். சூடம் காட்டி, மூடி எடுத்தும் வைத்தேன். அதோடு மழைக்காலமும் வந்தது. திறந்த பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். பிறகு சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதித்த கால் சும்மா உள்ளே போகும். இதை ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

தை மாதம் களக்காட்டிலிருந்து இசக்கிமுத்து வந்தான். மெக்கானிக். மறுநாள் காலையில் சேரன்மகாதேவிப் பக்கம் மண் தடத்தில் கார் பந்தயம், அதில் தன் பழைய காரை ஓட்டப்போகிறான். காத்திருந்த ஆளே வந்துவிட்டான். டின்னைக் கொடுத்தேன். மூடியைத் திருகினான், லொடலொடவென்று வந்தது. சாமிக்குப் படைத்த கதையைச் சொன்னேன்.

"வளைவுல சாமி வந்து புடிச்சுக்கிடுவாரா, அண்ணாச்சி?"

வளைவு

சீல் உடையாத சாதாரண ஆயிலைத்தான் ஊற்றிக்கொண்டான். என் மேலுள்ள இரக்கத்தில் கதவு முழுக்க என் கடைப் பெயரை ஒட்டிக்கொண்டான். நான் முன்வரிசையில் நின்றேன். சுற்றச் சுற்ற பிரேக் சூடாகி, அந்தச் சாதாரண ஆயில் கொதித்திருக்க வேண்டும். கடைசி வளைவில் வண்டி நிற்கவில்லை. வரப்பைத் தாண்டி, கதிர் விட்ட நெல் வயலுக்குள் மூக்கைக் குத்தியது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆசையும் மண்ணாங்கட்டியும், பையன் பிழைத்தால் போதும் என்று சேற்றில் விழுந்து எழுந்து ஓடினேன். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு முழுசாக இறங்கினான். நான் அவனைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன். அதற்குள் வயல்காரர் வந்து, கதவிலிருந்த கடைப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஏலே, இந்தக் கடைக்காரன் எவம்லே? அவன மொதல்ல இங்கன கூட்டிட்டு வா."

இப்போதும் ஆயுத பூஜைக்குக் கடையில் எல்லாவற்றையும் திறந்துதான் படைக்கிறேன், பிரேக் ஆயிலை மட்டும் சாமி சீல் உடைக்காத டின்னோடு ஏற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.