எமன் சார் வழியனுப்பப் பழகிய கதை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு எமன் சார் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயந்துகொண்டு பார்க்க வருபவர்கள், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசை முழுக்கத் தேடிக்கொண்டிருக்கும் ஓர் ஒல்லி மனிதரைத்தான் பார்ப்பார்கள். கரப்பான்பூச்சியைக்கூடக் காகிதத்தில் ஏந்தி ஜன்னல் வழியாக வெளியே விடுகிறவர் அவர். அதே காகிதத்தில் அவர் கொன்ற ஆட்களுக்குக் கணக்கே கிடையாது.

அவர் வேலை அப்படி. நாங்கள் இருப்பது உளவுத்துறையின் பயிற்சிப் பிரிவு. நாட்டுக்கு ஒரு நெருக்கடி வந்தால் அதிகாரிகள் தடுமாறக் கூடாது அல்லவா? அதற்காக, வராத ஆபத்தை வந்ததாக வைத்துக்கொண்டு ஓர் அறைக்குள் ஆட்டம் நடத்துவோம். போர் விளையாட்டு என்பார்கள். அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, செய்தி மேல் செய்தியாக உள்ளே போகும். எதை நம்புவது, எதை ஒதுக்குவது, யாரை எழுப்பிச் சொல்வது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும். அந்த ஆபத்துகளை யோசித்து எழுதுகிறவர் எமன் சார். அணையை உடைப்பார், ஊருக்கே மின்சாரத்தை நிறுத்துவார், கப்பலை மூழ்கடிப்பார். கப்பலை மூழ்கடிப்பதில் மட்டும் அவருக்குத் தனிப் பிரியம்.

நான் கணக்குப் பிரிவு. ஆட்டம் நடக்கும் நாட்களில் மட்டும் மந்திரி. பக்கத்து அறையில் உட்கார்ந்து தொலைபேசியில் அதிகாரிகளைக் கன்னாபின்னாவென்று திட்ட வேண்டும். என் வாய்க்கு ஏற்ற வேலை என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். என்னோடு அங்கே ஒரு பத்திரிகைக்காரர், ஒரு பக்கத்து நாட்டுத் தூதர்; இருவரும் நிஜத்தில் குமாஸ்தாக்கள். எங்கள் எல்லோருக்கும் ஒரு சட்டம் உண்டு. எந்தச் செய்தியைச் சொன்னாலும் முடிக்கும்போது “இது பயிற்சி மட்டுமே” என்று சொல்லியாக வேண்டும். அந்த வரி இல்லாமல் ஒரு செய்தி வெளியே கசிந்தால் ஊர் அல்லோலகல்லோலப்பட்டுவிடும். சொல்லிச் சொல்லி அது எங்கள் நாக்கிலேயே குடியேறிவிட்டது. “அரைக் கிலோ தக்காளி, இது பயிற்சி மட்டுமே” என்று நானே கடையில் கேட்டு முழித்திருக்கிறேன்.

அலுவலகத்தில்தான் அவர் சார். அவர் வீட்டு வாசலைத் தாண்டினால் எனக்குக் கூடப் பிறக்காத அண்ணன். வீட்டின் முன்னறையில் தையற்கடை நடத்தும் அவர் மனைவி, அண்ணி. ஒரே மகள், என்னை அத்தை என்பாள். மற்ற வீடுகளில் கதை சொல்லிக் குழந்தையைத் தூங்க வைப்பார்கள். இவர் “பள்ளிக்கூட வாசல்ல தண்ணி ஏறிடுச்சு. நானும் வரலை, அம்மாவும் வரலை. என்ன செய்வே?” என்று கேட்டுத் தூங்குகிற குழந்தையையும் எழுப்பிவிடுவார். “நல்லதா ஒண்ணு நடக்கும்னு இந்த மனுஷனுக்கு யோசிக்கவே வராது” என்பாள் அண்ணி, ஊசியில் நூல் கோத்தபடி.

இத்தனையும் கேட்டு வளர்ந்த பெண் போய்ப் படித்தது என்ன தெரியுமா? கப்பல் இயந்திரப் படிப்பு. கரையில் ஏதாவது ஒரு பட்டறையில் வேலை கிடைத்துவிடும் என்று அண்ணன் தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார்.

அவள் படிப்பை முடித்த சமயம், ஒருநாள் ஆட்டத்தில் ஒரு சரக்குக் கப்பல் காணாமல் போயிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து எமன் சார் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவரையே குழப்பிவிட, அவர் எழுதாத ஒரு செய்தியை எங்களில் யாராவது நடுவில் செருகுவதும் உண்டு. அதில் அவருக்கு ஏக சந்தோஷம். அன்று இண்டர்காமில் தொலைபேசி ஆபரேட்டரின் குரல் வந்தது.

“சார், உங்க பொண்ணு லைன்ல இருக்காங்க. சரக்குக் கப்பல்ல வேலை கிடைச்சிருக்காம். அடுத்த மாசமே கிளம்பணுமாம். இது பயிற்சி மட்டுமே.”

பாவம் அந்த ஆபரேட்டர். காலையிலிருந்து பொய்ச் செய்திகளாகவே சொல்லிக்கொண்டிருந்த வாய். கடைசி வரி தானாக வந்து விழுந்துவிட்டது.

எமன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். “யாருப்பா அது, என் மடியிலேயே கை வைக்கிறது?” என்று எங்கள் அறைப் பக்கம் பார்த்தார். நான் பத்திரிகைக்காரரைப் பார்த்தேன். அவர் தூதரைப் பார்த்தார். இது மற்றவர் வேலைதான் என்று அவரவர் நினைத்துக்கொண்டோம். எமன் சார் இண்டர்காமை அழுத்தி, “அனுமதி கிடையாதுன்னு சொல்லிடுங்க” என்றார். ஆபரேட்டர் சொன்னதைச் செய்கிறவர். லைனில் காத்திருந்த பெண்ணிடம் அப்படியே சொல்லிவிட்டார்.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது அதே ஆபரேட்டர் வாசலில் நின்று, “பொண்ணு ரொம்ப ஆசையா பேசுச்சு சார். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க” என்றார். எமன் சார் பேயறைந்தவர் மாதிரி நின்றுவிட்டார். நான்தான் என் காரில் ஏற்றி வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.

தையல் இயந்திரத்தின் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். அவர் தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னார். நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்பட்ட கதை வந்தபோது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்டிருக்கக் கூடாது.

“சரிப்பா. இப்ப விளையாட்டு இல்ல. நிஜமா கேக்கறேன். நான் போகட்டுமா?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த நேரம் அவர் கண்ணுக்குள் எத்தனை கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும். எல்லாமே அவர் எழுதியவை.

“வேண்டாம்னு சொல்லுங்க, சண்டை போட்டுட்டுப் போயிடறேன். இப்படி வாயே திறக்காம உட்கார்ந்தா எனக்குக் கால் நகராதுப்பா. நீங்க வாசல்ல நின்னு ‘போயிட்டு வா’ன்னு சொல்லணும். இல்லேன்னா இந்த வேலை வேண்டாம்னு அவங்களுக்கு எழுதிப் போட்டுடறேன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அவள். கிளம்பும் நாள் நெருங்க நெருங்க அவர் இளைத்துக்கொண்டே போனார். ஒருநாள் அலுவலகத்தில் அவரைத் தனியே பிடித்து, மந்திரிக் குரலில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். “நீங்க சொல்றதெல்லாம் சரிதான் மந்திரியம்மா. வாய் வர மாட்டேங்குதே” என்றார். எனக்கு அதற்கு மேல் திட்ட மனசு வரவில்லை.

வழி கண்டுபிடித்தது அண்ணி. “பெரிய பெரிய அதிகாரிக்கெல்லாம் பயிற்சி குடுக்கறீங்கல்ல? வாசல்ல நின்னு ரெண்டு வார்த்தை சொல்ல நீங்களும் பழகிக்குங்க. பயிற்சிதானே, ஒண்ணும் ஆயிடாது. நான்தான் நடுவர்” என்றாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஒத்திகை. மகள் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி கேட் வரைக்கும் போவாள். அண்ணி அளவுநாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுவில் நிற்பாள். முதல் நாள் அவர், “போயிட்டு... இயந்திர அறையில நெருப்புப் பிடிச்சா முதல்ல எந்தப் பக்கம்...” என்று ஆரம்பித்தார்.

“தோத்துட்டீங்க. மறுபடியும்” என்றாள் அண்ணி.

மறுநாள் உயிர்காக்கும் படகில் ஓட்டை விழுந்தது. அதற்கடுத்த நாள் ஒன்றுமே விழவில்லை. ஆனால் அவர் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பல்துலக்கியும் கையுமாக வந்து நின்று வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிட்டார். மெல்ல மெல்லத்தான் வந்தது. ஒரு காலையில் நானும் இருந்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, “போயிட்டு வாம்மா” என்றார். பிறகு அவசர அவசரமாக, “இது பயிற்சி மட்டுமே” என்று சேர்த்துக்கொண்டார். அந்த வால் இல்லாமல் அவருக்கு அந்த வார்த்தை வரவே வராது. அது இருக்கிற தைரியத்தில்தான் சொல்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. நடுவர்கூட அதைக் கண்டுகொள்ளவில்லை.

கிளம்பும் நாளும் வந்தது. துறைமுகத்துக்கு என் கார்தான். இந்த முறை பெட்டி கனத்தது. நானும் அவளுமாகத் தூக்கி வைத்தோம். அண்ணி மகளைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு, நடுவர் இடத்தில் போய் நின்றாள். கழுத்தில் அளவுநாடா இல்லை. மகள் கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தாள்.

“போயிட்டு வாம்மா” என்றார்.

அவள் அங்கேயே நின்றாள். வழக்கமாக வருகிற அந்தக் கடைசி வரிக்காகக் காத்திருந்தாள். நானும் கார்க் கதவைப் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் உதட்டை இறுக்க மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டினார். அவள் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறினாள்.

மறுநாள் காலை, அண்ணிக்குத் துணையாக இருக்கட்டும் என்று சீக்கிரமே அந்த வீட்டுக்குப் போனேன். அண்ணன் குளித்து, சட்டை மாட்டி, அதே வாசலில் கேட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஏதோ முணுமுணுத்தார்.

எனக்குப் பகீரென்றது. “என்னண்ணா, அவதான் போயாச்சே. இன்னும் யாருக்குப் பயிற்சி?”

“திரும்பி வர்றப்போ ‘வாம்மா’ன்னு சொல்லணுமில்ல?” என்றார். “இன்னைக்கே ஆரம்பிச்சாத்தான் அன்னைக்குச் சரியா வரும். நீங்க கொஞ்சம் கேட்டுக்கு அந்தப் பக்கம் போய், உள்ள வாங்களேன்.”

நான் கைப்பையைப் பெட்டி மாதிரித் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போனேன்.