புதன்கிழமை வந்த தீ ஆய்வாளர்

கெர்ட்டு ஹைக்கினெனுக்குப் பொய் சொல்ல வராது. இருபத்திரண்டு வருஷம், பனி ஊரான இசால்மியில் மளிகைக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தவள். "இந்த மீன் இன்னைக்கு வந்ததா?" என்று கேட்டால் அவள் முகமே பதில் சொல்லிவிடும். முட்டி தேய்ந்து வேலையை விட்ட பிறகு, காட்டுக் காளானையும் வெங்காயத் தோலையும் கொதிக்கவைத்துக் கம்பளி நூலுக்குச் சாயம் போடத் தொடங்கினாள். ஐந்தே வருஷத்தில் அது வீட்டுத் தொழிலாகி, வீட்டையே அடைத்துக்கொண்டது. அறுபத்து மூன்று வயதில் தினமும் காலையில் இன்றைக்கு என்ன நிறம் என்று யோசித்தபடி எழுகிற கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்? அவளுக்கு வாய்த்திருந்தது.

ஆறு வீடுகள் ஒட்டி நிற்கும் வரிசையில் அவளுடையது நடுவில் இருந்தது. அதனால் குடியிருப்போர் சங்கம் கறாராகச் சொல்லிவிட்டது. தீயணைப்புத் துறை பார்த்துச் சரி என்றால் தொழில் வீட்டிலேயே நடக்கலாம், இல்லையென்றால் வெளியே கொண்டுபோக வேண்டும். ஊர்க்கோடியில் ஒரு பழைய கொட்டகை காலியாக இருந்தது. ஆனால் பனியில் அவ்வளவு தூரம் நடக்க அவள் முட்டி இடம் கொடுக்காது. வெளியே என்றால் தொழிலுக்கு முழுக்குத்தான்.

ஆய்வு நாள் காலையில்தான் அவள் தீயணைப்புத் துறையின் கடிதத்தைச் சரியாகப் படித்தாள். வெளியேறும் வழி காலியாக இருக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நடையிலோ இரண்டு பக்கமும் நூல் சிட்டங்கள் குவிந்து கிடந்தன. புருஷன் ரெய்யோ அதிகாலையிலேயே காட்டுக்கு விறகு வெட்டப் போயிருந்தான். இடமில்லாத வீட்டில் எல்லாரும் செய்கிற காரியத்தைத்தான் அவளும் செய்தாள். அத்தனையையும் அள்ளி, குளியலறையை ஒட்டிய சவுனாவில், அந்த ஊரார் உயிராய் நினைக்கும் நீராவிக் குளியல் அறையில், திணித்தாள். உட்காரும் படிகள் நிறைந்தபின் மிச்சத்தை, நீராவிக்காக மின்னடுப்பில் அடுக்கியிருந்த கற்கள் மேலேயே வைத்துக் கதவைச் சாத்தினாள்.

பத்து மணிக்கு ஆய்வாளர் ஸாத்து லம்பினென் வந்து வாசலில் காலணியைக் கழற்றினாள். முப்பது வயதிருக்கும், கலகலப்பான பெண். புகைமணியை அழுத்திப் பார்த்தாள், தீயணைப்பானில் தேதி பார்த்தாள்.

"கெர்ட்டும்மா, இந்த நடையில ரெண்டு பேர் கைகோத்து ஆடலாம் போலிருக்கே!"

"ஆடறதுக்குத்தான் முட்டி இல்லையே."

"குளியலறைக்கு அந்தப் பக்கம்?"

"சவுனா. சும்மா கிடக்கு." காது மடல் சிவந்ததை கெர்ட்டுவே உணர்ந்தாள். நல்ல வேளை, ஸாத்து அப்போது மின்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வந்தன. கையெழுத்துப் போடப் போன ஸாத்து பேனாவை நிறுத்தினாள். "இன்னைக்கு என்ன கிழமை? புதனா?"

"புதன்" என்ற கெர்ட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். புதனும் சனியும் சவுனா நாள். ரெய்யோ காட்டுக்குக் கிளம்பும்போதே குளியலறைச் சுவரில் சவுனா அடுப்புக்கு நேரம் வைக்கும் குமிழைத் திருகிவிட்டுப் போவான். அவன் திரும்பும் நேரத்துக்குத் தயாராக இருக்க, பதினொன்றுக்கு அடுப்பு தானாகச் சூடேறத் தொடங்கும். இப்போது மணி பதினொன்று ஐந்து.

ஐந்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கையெழுத்து விழும், இவள் போய்விடுவாள், அப்புறம் ஓடி அணைத்துவிடலாம். சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. கெர்ட்டு எழுந்துவிட்டாள்.

"பொய் சொல்லிட்டேன். சவுனா முழுக்க நூல். அடுப்பு எரியுது!"

ஸாத்து பாய்ந்துபோய் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தாள். புகை மூக்கில் ஏறியது. கற்களின் மேல் இருந்த மூன்று சிட்டங்கள் கருகத் தொடங்கியிருந்தன. தண்ணீரைக் கொட்டி அணைத்தார்கள். கம்பளி சட்டென்று பற்றிக்கொள்ளாது என்பதால் பிழைத்தார்கள்.

காட்டிலிருந்து திரும்பிய ரெய்யோ உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தான். "என்ன, தலைமுடியக் கருக்கிட்டியா?" கருகிய நூலைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"நானும் திறந்து பாத்திருக்கணும்" என்றாள் ஸாத்து. "இன்னைக்குக் கையெழுத்து கிடையாது. ரெண்டு வாரத்துல திரும்ப வருவேன். அங்க ஒண்ணு நூல் இருக்கணும், இல்ல அடுப்பு இருக்கணும். ரெண்டும் கூடாது."

"நூலை வைக்க வேற இடம் ஏது?" என்றாள் கெர்ட்டு. "விட்டுடறேன். போதும் இந்தத் தொழில்."

ரெய்யோ தொப்பியைக் கழற்றினான். "அடுப்பைக் கழட்டிடலாம்."

ஸாத்து அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுடைய வேலையில் சவுனாவை விட்டுக்கொடுத்த ஆளை அதுவரை பார்த்ததில்லை.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் கெர்ட்டு.

"நீச்சல்குளத்துல ஒரு சவுனா இருக்கு. அங்க போனா பேச்சுத் துணைக்காவது ஆள் இருக்கும்." இதைச் சொன்னவன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிசயம்.

மின்பணியாளர் வந்து அடுப்பைக் கழற்றிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து ஸாத்து கதவைத் திறந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். அவள் போனதும் ரெய்யோ சிட்டங்களைச் சவுனாவுக்குச் சுமந்து போனான். கீழ்ப்படியில் மஞ்சள், நடுவில் பச்சை. மேல்படி காலியாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் அவன் உட்கார்ந்து உட்கார்ந்து அந்தப் பலகை வழவழத்திருந்தது. கெர்ட்டுவுக்கு அதில் எதையும் வைக்கக் கை வரவில்லை.

"என்ன பாக்கற? அந்தச் சிவப்பை இங்க குடு" என்று கையை நீட்டினான் ரெய்யோ. "இருக்கறதுலயே நல்ல இடம் இதுதான்."