முப்பத்தோராம் கிணறு

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவளுக்கு என்ன கவலை" என்று கமலவேணியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் எங்கள் அலுவலகத்தில் பலர். நானும் பட்டிருக்கிறேன். இன்று அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் நிலத்தடி நீரை அளக்கும் அலுவலகம் எங்களுடையது. காசிநாதன் ஆகிய நான் தபால் பிரிவு. அவள் மேசை எனக்கு எதிரே. சுற்று வட்டாரத்தில் நாற்பத்திரண்டு கிணறுகளின் நீர்மட்டம் மாதாமாதம் அளந்து வரும். கிணற்றுக்கு ஒரு வரைபடம் என்று அச்செடுத்து ஐந்தாம் தேதிக்குள் சென்னைக்கு அனுப்பவேண்டும். அவளிடம் இருந்த மென்பொருளில் மவுஸைப் பிடித்து இழுத்துப் படம் வரைய முடியாது. இந்தக் கோப்பை எடு, இந்தத் தலைப்பைப் போடு, கோட்டை இழு என்று வரிவரியாகக் கட்டளை எழுதிக் கொடுக்கவேண்டும். கிணற்றுக்கு எட்டு வரி. ஒரு கிணற்றின் எட்டு வரியை நகலெடுத்து ஒட்டி, பெயரையும் எண்ணையும் மாற்றினால் அடுத்த கிணறு. மாதம் மாறினால் எல்லாவற்றிலும் தேதியைத் திருத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு நாள் போய்விடும்.

அவள் கணவன் குமரன் ஓசூரில் ஓர் ஆலையில் வேலை பார்த்தான். நான்கு வயது மகள் இளவரசி மாமியாரோடு அங்கேதான். சனி இரவு போய்ச் சேர்ந்து ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடும் தாயைக் குழந்தை என்னவென்று நினைக்கும்? இரண்டாயிரத்து மூன்று ஜூனில் அவளுக்கு ஓசூருக்குப் பக்கத்திலுள்ள கிருஷ்ணகிரிக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வந்த கையோடு அதிகாரி தேவசகாயத்தின் மேசை இழுப்பறைக்குள் போனது.

"உன் வேலைய செய்ய யாரும்மா இருக்கறாங்க? ஒரு ஆளுக்கு கத்துக்குடுத்துட்டு தாராளமா போ" என்றார்.

இரண்டு பேரை உட்காரவைத்தாள். முந்நூற்று முப்பத்தாறு வரியைப் பார்த்ததுமே இருவரும் தலைதெறிக்க ஓடினார்கள்.

அக்டோபரில் ஒருநாள், பிள்ளையார்பாளையத்து அப்பா வீட்டிலிருந்து நேராக வந்தவள் பையைக்கூட வைக்காமல் சொன்னாள்: "எங்கப்பா தறியில பூ போட ஓட்ட குத்தி கோத்த ஒரே அட்டமாலதாண்ணா. அதுவே சுத்திக்கினு இருக்குது. பூவுக்கு பூ புதுசா அட்ட குத்தறாரா? நான் மட்டும் ஏன் நாப்பத்திரண்டு தபா குத்திக்கினு இருக்கறேன்?"

மூன்று நாள் அந்த மென்பொருளின் உதவிக் குறிப்பைப் புரட்டி, பதினோரு வரியில் ஒரு சுற்று எழுதினாள். ஒன்றில் தொடங்கு. அந்த எண்ணுள்ள கிணற்றை வரை. எண்ணோடு ஒன்று கூட்டு. நாற்பத்திரண்டைத் தாண்டவில்லையென்றால் மறுபடி வரையும் வரிக்குப் போ. அவ்வளவுதான். நாற்பத்திரண்டு படமும் மூன்று நிமிடத்தில் வரைந்தாயிற்று.

"இத யாரு வேணா ஓட்டலாம். நான் போயிடுவேண்ணா" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

மத்தியானம் புதுப் படங்களைப் பழையவற்றோடு ஒப்பிட்டாள். முப்பது வரை அச்சு அசல். முப்பத்தோராவது செவிலிமேடு. பழைய படத்தில் நாலு மீட்டர் ஆழத்தில் இருந்த தண்ணீர், புதியதில் பதினாலு மீட்டருக்குப் போயிருந்தது. பழைய கட்டளைகளைத் தோண்டியபோது விஷயம் வெளியே வந்தது. முப்பதாவதான தென்னேரியின் எட்டு வரியை ஒட்டி, தலைப்பைச் செவிலிமேடு என்று மாற்றியவள், கோப்பின் எண்ணை மாற்ற மறந்திருக்கிறாள். மூன்று வருடமாகச் செவிலிமேட்டின் பெயரில் தென்னேரி ஏரிக்கரைத் தண்ணீர் சென்னைக்குப் போயிருக்கிறது.

முப்பத்தொன்று வரும்போது முப்பதையே எடு என்று ஒரு வரி சேர்த்தால் யாருக்கும் தெரியாது. அந்த வரியை அடித்தாள், அழித்தாள். பிறகு என்னைக் கேட்டாள்.

"மறைச்சா காலம்பூரா உறுத்தும்மா. சொல்லிடு. மிஞ்சிப்போனா ஒரு மெமோ" என்றேன். பெரிய அரிச்சந்திரன் நான்.

உள்ளே போனாள். கதவு சரியாகச் சாத்தவில்லை, என் காதும் சும்மா இருக்கவில்லை. தேவசகாயம் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் புரட்டும் சத்தம் கேட்டது. செவிலிமேட்டில் மனை போட்டவர்களுக்கெல்லாம் தண்ணீர் உண்டு என்று சான்று கொடுத்தது அந்தப் படத்தை வைத்துத்தான். கையெழுத்து அவருடையது.

"தப்பு யாருக்கும் வர்றதுதாம்மா" என்று தேன் ஒழுகச் சொன்னார். "அந்த முப்பத்தொண்ணு மட்டும் பழைய மாதிரியே இருக்கட்டும். அதுக்கு ஒரு வரி போட முடியும்ல?"

"முடியும் சார். என் மாத்தல்..."

"அது எப்பிடிம்மா? அந்த வரி உள்ள இருக்குறப்ப இத வெளியாள் கையில குடுக்க முடியுமா? நீயே வச்சுக்க."

இழுப்பறை மூடும் சத்தம் எனக்குக் கேட்டது. வெளியே வந்தவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியை அடித்துச் சேர்த்தாள். இம்முறை அழிக்கவில்லை.

ஆறு வருடம் கழித்து நான் ஓய்வுபெற்ற அன்றும் அவள் எதிர் மேசையில்தான் இருந்தாள். தேவசகாயம் பதவி உயர்வில் எப்போதோ போய்விட்டார். போகுமுன் அடுத்து வந்த அதிகாரியிடம், "இந்த அம்மாவ மட்டும் விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இளவரசி ஐந்தாவது படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் அம்மாவிடம் ஒட்டுவதில்லை. முன்பு நான்கு நாள் பிடித்த வேலை இப்போது மூன்று நிமிடம். மாதத்தின் மற்ற நாளெல்லாம் கமலவேணி அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.